சங்கமம் சிற்றூருக்கும் வரட்டும்

2007-ல் தலைநகரில் தோன்றி, இடையில் நின்றுபோய், 2023 பொங்கலில் புத்துயிர் பெற்ற சென்னை சங்கமம் என்னும் நாட்டுப்புறக் கலைவிழா, பின்னர் கோவை, மதுரை முதலிய நகரங்களுக்கும் விஸ்தரிக்கப்பட்டது சந்தோஷத்துக்குரியதே. எனினும், வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சி, விரலால் தட்டிப் பதம் பார்ப்பவரும் கரகம் எடுப்பவரும் வாழ்கிற கிராமங்கள், கலைஞரை அனுப்பிவைக்கும் ஸ்தலங்களாக மாத்திரமே எஞ்சுவது நியாயமன்று என்பது நம் திடமான அபிப்பிராயம். வாகையிலும் மாவிலும் கோயில் வாகனங்களைச் செதுக்கி, தன் மரச்சிற்பங்களுக்கு 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூருக்கு இதில் விசேஷ பாத்தியதை உண்டு: உற்சவமூர்த்தி ஆரோகணிக்கும் குதிரையைச் செய்தவரும் அதன் முன்னே மேளம் முழக்குகிறவரும் ஒரே விழாவுக்கு உரியவர்களல்லவா? ஆகவே வருகிற தையில் பெரம்பலூர் ஜில்லாவுக்கென ஒரு சங்கமத்தை அரும்பாவூரிலேயே சர்க்கார் நடத்த வேண்டும். மேடை அலங்காரம் சற்றுக் குறைந்தாலும் பாதகமில்லை, கலைஞரின் சன்மானத்தை ஆட்டம் முடிந்த அன்றே கையில் கொடுத்துவிட வேண்டும்.