பனிநீரில் கலந்த பாஷாணம்

குடிக்கும் தண்ணீர் நல்லதா, கெட்டதா என்பதை நாம் எப்படி முடிவு செய்கிறோம்? சோப்பு நுரைக்காவிட்டாலும், பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்தாலும் கெட்ட தண்ணீர் என்கிறோம். தெளிவாக, சுவையாக இருந்தால் நல்ல தண்ணீர் என்று நம்புகிறோம். இந்த நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதற்குக் கனடாவின் வடகோடியில் ஒரு நகரம் சாட்சியாக நிற்கிறது.

வடமேற்கு நிலப்பகுதியின் தலைநகரான யெல்லோநைஃப், கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையில் தங்கச் சுரங்கங்களால் உருவான நகரம். அங்குள்ள தண்ணீர் மிக மென்மையானது. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் நீரில் கரைந்திருப்பதைத்தான் கடினத்தன்மை என்கிறோம். யெல்லோநைஃப் பகுதியின் பழமையான கடும்பாறைகள் எளிதில் கரைவதில்லை. ஆகவே அங்கே சோப்பு நன்றாக நுரைக்கும். கெட்டிலில் படிவு சேராது. கண்ணால் பார்த்துச் சொல்வதென்றால், அதைவிட நல்ல தண்ணீர் கிடைப்பது அரிது.

ஆனால் அங்கே வந்த ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. 1948 இல் ஜயன்ட் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கே தங்கம், ஆர்சனிக் கலந்த தாதுவுக்குள் இருந்தது. தங்கத்தைப் பிரிக்கத் தாதுவை வறுத்தபோது, நம் முன்னோர் வெள்ளைப் பாஷாணம் என்று அழைத்த நஞ்சு தூளாகப் புகைபோக்கி வழியே வெளியேறியது. தொடக்க ஆண்டுகளில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 டன் நஞ்சு காற்றில் கலந்து, பனியின்மீதும் ஏரிகளின்மீதும் படிந்தது.

அந்த மண்ணின் பூர்வீகக் குடிகளான டெனே மக்கள் குளிர்காலத்தில் பனியை உருக்கிக் குடிப்பவர்கள். வெண்பனியைவிடத் தூய்மையானது எது என்றுதான் யாரும் நினைப்பார்கள்! 1951 இல் அப்படி உருக்கிய நீரைக் குடித்த ஒரு டெனே குழந்தை இறந்தது. பெற்றோருக்கு இழப்பீடாக வழங்கப்பட்டது 750 டாலர். பனிநீரைக் குடிக்கவேண்டாம் என்ற எச்சரிக்கைகள் ஆங்கிலத்தில் வெளியாயின. அவற்றை வாசிக்கத் தெரியாதவர்களே அந்த நீரை அதிகம் நம்பியிருந்தார்கள். எச்சரிக்கை விடுத்ததோடு கடமை முடிந்ததா? அது சேரவேண்டியவர்களைச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் கடமை அல்லவா?

பின்னர் புகைபோக்கியில் வடிகருவிகள் பொருத்தப்பட்டன. காற்றில் கலப்பது குறைந்தது. ஆனால் வடிகட்டிய நஞ்சு எங்கே போனது? சுரங்கத்தின் அடியிலேயே அறைகளில் கொட்டி அடைக்கப்பட்டது. அதன் மொத்த அளவு 2,37,000 டன். அச்சுரங்கம் தன் வாழ்நாளில் தந்த தங்கமோ ஏறக்குறைய 70 இலட்சம் அவுன்சு, அதாவது சுமார் 220 டன். ஒரு பங்கு தங்கத்திற்கு ஆயிரம் பங்குக்கும் மேலான நஞ்சு நிலத்தடியில் தங்கிவிட்டது.

1999 இல் உரிமையாளரான நிறுவனம் நொடித்துப்போனது. 2004 இல் சுரங்கம் முற்றிலும் ஓய்ந்தது. இலாபம் பலரிடம் பிரிந்து சென்றது. நஞ்சு மட்டும் ஊரோடு இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பாறையை உறையவைத்து, நிலத்தடி நீரில் கரையாமல் தடுப்பதே இப்போதைய திட்டம். 2022 இல் மதிப்பிடப்பட்ட செலவு 438 கோடி கனடா டாலர். அது மக்களின் வரிப்பணம். உறைந்த பாறையைக் காவல் காக்கும் பொறுப்போ, இன்னும் பிறக்காத தலைமுறைகளுக்கும் உரியது.

இன்று யெல்லோநைஃப் நகரின் குழாய்நீர் பாதுகாப்பானது. 1960களின் இறுதியிலேயே, சுரங்கத்தையொட்டிய விரிகுடாவை விட்டுவிட்டு, யெல்லோநைஃப் ஆற்றிலிருந்து நீருக்கடியில் ஏறக்குறைய 8 கிலோமீட்டர் குழாய் போடப்பட்டது. 2015 இல் புதிய சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. நீர் தொடர்ந்து சோதிக்கப்படுகிறது. ஆனாலும் நகருக்கு நடுவிலுள்ள ஃபிரேம் ஏரி உட்பட அருகிலுள்ள பல சிறு ஏரிகளின் நீரைக் குடிக்கவேண்டாம் என்ற அறிவுரை தொடர்கிறது. நகரத்தாருக்குக் குழாய் கிடைத்தது; ஏரியையும் மீனையும் காட்டுப்பழத்தையும் நம்பி வாழ்ந்த டெனே மக்கள் இழந்த நம்பிக்கையை எந்தக் குழாய் திருப்பித் தரும்?

இதிலிருந்து நம் இல்லங்களுக்கும் பாடம் உண்டு. கடினநீர் பாத்திரத்தைக் கெடுக்கும், சோப்பை வீணாக்கும். ஆனால் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் உலக நலவாழ்வு நிறுவனம் விதிக்கவில்லை. ஆர்சனிக்கிற்கோ, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்துள்ளது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடவே செய்யும். ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றே அதைக் காட்டிக்கொடுக்கும்.

2010 இல் ஐ.நா. பொதுப்பேரவை தூய குடிநீரை மனித உரிமையாக ஏற்றது. அப்படியானால் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை, புரியும் மொழியில் அறிந்துகொள்வதும் அந்த உரிமையின் பகுதிதானே? நம் ஊரின் நீர் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது? அதன் முடிவு யாருக்குச் சொல்லப்பட்டது? குழாய் எட்டாத கடைசித் தெருவில் இருப்பவர் என்ன குடிக்கிறார்? பாத்திரத்தின் வெள்ளைப் படிவைப் பற்றிக் கவலைப்படும் நாம், இந்தக் கேள்விகளையும் கேட்கத் தொடங்குவோம்.