பஸ்ஸில் ஏறிப் போர்க்களம் பார்க்கும் வியாபாரம்

உம்றாவுக்குப் போய் வந்தவர்கள், மதீனாவில் ஒரு நாள் பஸ்ஸில் ஏற்றி உஹதுக்குக் கூட்டிச் சென்றதை மறந்திருக்க மாட்டார்கள். மலையடிவாரத்தில் இறக்கி, அம்பெய்வோர் நின்ற சிறு குன்றைக் காட்டி, யார் எங்கே நின்றார்கள், குதிரைப்படை எந்தப் பக்கத்தால் சுற்றி வந்தது என்று வழிகாட்டி சொல்லச் சொல்ல, சின்ன வயதில் படித்த விடயம் கண்முன்னே வந்து நிற்கும். நல்ல வழிகாட்டி கிடைத்தால் கண் கலங்கித்தான் திரும்ப பஸ் ஏறுவோம். அரைகுறையான ஆள் கிடைத்தால், ஈத்தம்பழக் கடையில் எத்தனை கிலோ வாங்கினோம் என்பது மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கும்.

இதே மாதிரி, யுத்தம் நடந்த இடங்களைக் காட்டும் பிரயாணம் ஐரோப்பாவில் பெரியதொரு வியாபாரமாக நடக்கிறது. இரண்டாம் உலக மகா யுத்தத்தில் ஒரு படைப்பிரிவு எந்த வழியால் முன்னேறியதோ, அதே வழியால் இரண்டு வாரமளவில் பஸ்ஸில் கூட்டிச் செல்கிறார்கள். ஹோட்டல், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் சேர்த்துத் தலைக்குப் பல ஆயிரம் டொலர். இங்கிலாந்தில் வசிக்கும் என் மருமகனுக்கு இதில் பைத்தியம். அவரைப் பார்க்கப் போன இடத்தில் என்னையும் மூன்று நாட்கள் பிரான்ஸின் நோர்மண்டிக்கு இழுத்துக்கொண்டு போனார். யுத்தக் கதை கேட்கும் வயது எனக்குப் போய்விட்டது. ஆனால் நான் ஒரு துணி வியாபாரி. அங்கே என்ன விற்கிறது, எப்படி விற்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மருமகன் தேர்ந்தெடுத்தது அமெரிக்காவின் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவின் பாதை. 1942 ஓகஸ்ட்டில் அமைக்கப்பட்ட இந்தப் படையினர் இங்கிலாந்தில் பயிற்சி பெற்று, 1944 ஜூன் 6ஆம் திகதி அதிகாலை இருட்டில் நோர்மண்டியில் பரசூட்டில் குதித்தார்கள். ஜூன் 12இல் கரென்டன் நகரம் அவர்கள் கைக்கு வந்தது. செப்டெம்பர் 17இல் ஒல்லாந்தில் மீண்டும் குதித்து, மறுநாள் ஐந்தோவன் நகரை விடுவித்தார்கள். டிசம்பரில் பெல்ஜியத்தின் பஸ்தோன் நகரில் பனிக்குள் முற்றுகையிடப்பட்டு நின்றார்கள். 1945 மே மாதம் ஜேர்மனியின் பெர்க்டெஸ்காடன் மலையில் ஹிட்லரின் வாசஸ்தலம் இருந்த இடத்தில் யுத்தம் முடிந்தது. ஒரு வருடத்துக்கும் குறைந்த காலத்தில் இவ்வளவும். ஆரம்பமும் முடிவும் நடுவில் துன்பமும் உள்ள பாதை என்பதால் விற்பதற்கு வசதியானது.

இந்தப் படையில் ஒரேயொரு கம்பனியைப் பற்றி (பட்டாளத்தில் கம்பனி என்றால் நூறு, நூற்றைம்பது பேர், நாம் பதிவு செய்கிற கம்பனி அல்ல) ஸ்டீபன் அம்புரோஸ் என்ற வரலாற்றுப் பேராசிரியர் 1992இல் ஒரு புத்தகம் எழுதினார். 2001இல் அது பத்துப் பாகத் தொலைக்காட்சித் தொடராக வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கிராமங்களின் நிலைமையே வேறு. இங்கிலாந்தின் ஓல்ட்போர்ன் கிராமத்தில் சிப்பாய்கள் படுத்துறங்கிய பழைய குதிரை லாயத்தைக் கழற்றி, கப்பலேற்றி, அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் டொக்கோவா நகர நூதனசாலையில் திரும்பப் பூட்டி வைத்திருக்கிறார்கள். நம்மூரில் பழைய லாயம் என்றால் விறகுக்குக்கூடப் பேரம் பேசுவோம்.

பஸ்தோனைப் பாருங்கள். 1944 டிசம்பர் 22இல் சரணடையும்படி ஜேர்மனியர் கடிதம் அனுப்பினார்கள். ஜெனரல் மக்கோலிப் ஒரே சொல்லில் பதில் எழுதினார்: ‘நட்ஸ்’. போய் வேறு வேலையைப் பாருங்கள் என்கிற மாதிரியான அமெரிக்கப் பேச்சு. கொண்டு போன ஜேர்மன் அதிகாரிகளுக்கு அர்த்தம் விளங்காமல், ஆள் வைத்து விளக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு சொல்லை வைத்து அந்தச் சிறு நகரம் எண்பது வருடமாகச் சாப்பிடுகிறது. பிரதான சதுக்கத்துக்கு அந்த ஜெனரலின் பெயர். சதுக்கத்தில் ஒரு யுத்த தாங்கி. டிசம்பரில் நகரசபை மாடியிலிருந்து கூட்டத்துக்குக் கொட்டைகளை அள்ளி வீசுகிறார்கள். பட்டாளத் தொப்பி வடிவிலான களிமண் கோப்பையில் பியரும் விற்கிறார்கள். அது நமக்கு ஆகாத சரக்கு, கோப்பையை மட்டும் வாங்கி வந்து காட்டினார் மருமகன். 2014இல் பெரிய யுத்த நூதனசாலை ஒன்றும் திறந்தார்கள்.

இறந்தவர்களை வைத்து உழைப்பது சரியா என்று கேட்கலாம். நானும் அதே கேள்வியோடுதான் போனேன்.

கரென்டனுக்குப் பக்கத்தில் அங்கோவில் ஓ ப்ளேன் என்று ஒரு கிராமம். நாலைந்து வீடும் ஒரு பழைய தேவாலயமும். 1944 ஜூனில் ரொபர்ட் ரைட், கென்னத் மூர் என்ற இரண்டு இளம் மருத்துவச் சிப்பாய்கள் இதற்குள் எண்பது பேரளவில் காயப்பட்டவர்களைப் பார்த்தார்கள். அமெரிக்கர், ஜேர்மனியர், ஊர்ப் பிள்ளை ஒன்று, எல்லோரும் ஒன்றாகக் கிடந்தார்கள். அவர்கள் வைத்த ஒரே நிபந்தனை, ஆயுதத்தோடு யாரும் உள்ளே வரக்கூடாது என்பது. கிராமம் கை மாறி மாறிப் போனபோதும் இவர்கள் இடத்தை விட்டு அசையவில்லை. மர வாங்குகளில் அன்றைய இரத்தக் கறை இன்னும் இருக்கிறது. யாரும் சுரண்டித் துடைக்கவில்லை, கண்ணாடிப் பெட்டிக்குள் போடவுமில்லை. ரைட் 2013இல் காலமான பிறகு, அவரது அஸ்தியை அந்த முற்றத்திலேயே அடக்கினார்கள். எங்களோடு நின்ற அமெரிக்கக் குடும்பம் ஒன்று ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்து, அடுத்த ஊர்க் கடையில் அவர்கள் அள்ளிக்கொண்டு வாங்கியதை நான் பார்த்தேன்.

அந்தக் கடையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பரசூட் துணித் துண்டுகளைச் சட்டம் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். விரலால் தடவிப் பார்த்தேன், நைலோன். யுத்தம் முடிந்த காலத்தில் கிராமத்துப் பெண்கள் விட்டுப்போன பரசூட்டை வெட்டி உடுப்புத் தைத்தார்களாம். துணிப் பஞ்சம் அப்படி. ஒரு துண்டின் விலை மற்றதைப் போலப் பல மடங்கு. காரணம் கேட்டேன். கடைக்காரர் சின்ன அட்டையைத் திருப்பிக் காட்டினார். மலிவானதில் ‘மாதிரிக்காகச் செய்தது’ என்று எழுதியிருந்தது. விலை கூடியதில் எந்தப் பண்ணையில் எடுத்தது, யார் கையால் வந்தது என்ற விபரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

ஏனென்றால், இளம் வயதில் வாப்பாவின் கடையில் நின்றபோது, ஜப்பான் துணி என்று சொல்லி வேறு துணியை வெட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவை அல்ல. குருநாகல் பக்கத்திலிருந்து வரும் நல்ல வாடிக்கையாளர் ஒருவர், பெருநாளைக்கு எடுத்த துணி முதல் கழுவலிலேயே சுருங்கியதும் மடித்து எடுத்து வந்தார். சண்டை பிடிக்கவில்லை. மேசையில் வைத்துவிட்டு, வாப்பாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு வரவேயில்லை. வாப்பா என்னை ஏசவும் இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இந்தச் சுற்றுலாவில் விற்கிற சரக்கு பஸ்ஸும் ஹோட்டலும் அல்ல, வழிகாட்டியின் வாய் வார்த்தை. அது துணியைவிடச் சுருங்கக்கூடியது. அல்பர்ட் பிளைத் என்ற சிப்பாய் நோர்மண்டியில் பட்ட காயத்தால் 1948இல் இறந்தார் என்று அந்தப் பிரபலமான தொடரில் போட்டார்கள். உண்மையில் அவர் 1967 வரை உயிரோடிருந்தார், இராணுவத்திலும் தொடர்ந்து சேவை செய்தார். குடும்பத்தார்தான் முன்வந்து திருத்த வேண்டியிருந்தது. சாட்சிகள் உயிரோடிருந்த காலத்தில் சொன்ன கதைக்கே இந்த நிலை என்றால், இனி? கம்பனியின் தளபதி ரிச்சர்ட் வின்டர்ஸ் 2011இல் காலமானார், அடுத்த வருடம் அவருக்குச் சிலை வைத்தார்கள். 2024இல் எண்பதாம் ஆண்டு நிறைவுக்கு வந்த முதிய வீரர்கள் நூறு வயதை அண்டியவர்கள். “அப்படி இல்லை மகனே” என்று பஸ்ஸுக்குள் எழுந்து திருத்த இனி ஆளில்லை.

நம் வியாபாரிகள் கவனிக்காமல் விடுகிற இன்னொரு விடயமும் உண்டு. இந்தப் பிரயாணத்தில் மனதை அசைக்கிற இடங்களுக்குக் காசு இல்லை. நோர்மண்டியில் 9,300க்கு மேற்பட்ட கல்லறைகள் கொண்ட அமெரிக்க மயானத்துக்கு அனுமதி இலவசம். ஒல்லாந்தின் மார்கிராட்டன் மயானத்தில் 8,200க்கு மேற்பட்டவர்கள் அடக்கப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லறைகள் ஒவ்வொன்றையும் உள்ளூர்க் குடும்பம் ஏதாவது ஒன்று தத்தெடுத்து, பூ வைத்துப் பராமரிக்கிறது. வாப்பா, மகன், பேரன் என்று கை மாறுகிறது. தத்தெடுக்கக் காத்திருப்போர் பட்டியல் வேறு. ஒரு சதம் வாங்காமல் இவர்கள் செய்கிற வேலைதான் முதல். அதன் மேல்தான் ஹோட்டல்காரனும் பஸ்காரனும் இலாபம் பார்க்கிறார்கள். ஆகவே இறந்தவர்களை வைத்து உழைக்கிறார்கள் என்று முழு ஊரையும் குறை சொல்ல என் மனம் இடம் தரவில்லை.

ஆனாலும் ஒரு மனத்தாங்கல். மருமகனின் பிரசுரத்தைப் படித்துப் பார்த்தேன். வென்ற இடமெல்லாம் இருக்கிறது. நோர்மண்டியில் லா காம்ப் என்ற இடத்தில் 21,000க்கு மேற்பட்ட ஜேர்மனியர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பாலோர் யாரோ ஒருவரின் சின்ன வயது மகன்கள். அங்கே பஸ் நிற்காதாம். 1945 ஏப்ரல் இறுதியில் இதே படை லண்ட்ஸ்பேர்க் நகருக்கருகே கவுபெரிங் முகாம்களுக்கு வந்து சேர்ந்தது. யூதக் கைதிகளைப் பட்டினி போட்டு வேலை வாங்கிச் சாகடித்த இடம். அதற்குப் பிரசுரத்தில் அரை வரி. மலையுச்சியில் பகல் சாப்பாட்டுக்கு ஒரு முழுப் பக்கம். சாமான் நன்றாக இருக்கிறது, நிறை குறைகிறது என்று நமக்குச் சொல்லத் தெரியும்தானே?

அந்த மலையையும் ஜேர்மனியர் எப்படிக் கையாண்டார்கள் என்பது பார்க்க வேண்டியது. ஹிட்லரின் வீட்டு இடிபாடு கூடாத ஆட்களுக்குத் தரிசன ஸ்தலமாகிவிடும் என்று பயந்து, 1952இல் அதைத் தகர்த்துவிட்டார்கள். டிக்கட் போட்டிருந்தால் கோடிக்கணக்கில் பார்த்திருக்கலாம். அதற்கு மேலே உச்சியில் உள்ள கட்டடம் மட்டும் உணவகமாக இயங்குகிறது, அதன் வருமானம் தர்ம காரியங்களுக்குப் போகிறது. கீழே, நடந்த அநியாயத்தை ஆவணங்களோடு காட்டும் நிலையம் ஒன்றை 1999இல் திறந்தார்கள். எதை விற்பது, எதை உடைத்துவிடுவது, எதைச் சும்மா காட்டுவது என்று மூன்றையும் ஒரே மலையில் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

வரும் டிசம்பரில் பஸ்தோனுக்குப் போகலாம், வாருங்கள் மாமா என்று மருமகன் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். பனிக்குள் சிப்பாய்கள் தோண்டிய குழிகள் காட்டுக்குள் இன்னும் இருக்கின்றனவாம், அவற்றைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் டிசம்பர் நத்தார் வியாபார மாதம். கடையை யாரிடம் பாரம் கொடுப்பது என்றுதான் யோசனை.