குழாயை எடுத்துட்டா முடிஞ்சுதா?

போன ஐப்பசியில என் மச்சானைக் கட்டுவிரியன் கடிச்சிருச்சு. தரையில பாய் போட்டுத் தூங்கினவர். அந்த விஷம் மூச்சு விடுற தசையையே முடக்கிடும். 11 நாள் வென்டிலேட்டர்தான் அவருக்கு மூச்சு.

குழாயை எடுத்தா ஆளு எழுந்து நடந்துருவாருன்னுதான் நாங்க நினைச்சோம். ஆனா நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற உதரவிதானம் வேலை இல்லாம கிடந்தா சில நாள்லயே இளைச்சுப் போயிடும். கொட்டகையிலயே கட்டிக் கிடந்த மாட்டை மறுநாளே ஏர்ல பூட்ட முடியுமா?

மெஷின்ல இருக்கும்போதே பிசியோதெரபி தம்பி அவரைச் சாய்ச்சு உட்கார வச்சார். மெஷின் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் பார்த்தாங்க. வீட்டுக்கு வந்தப்புறம் மூணு பந்து வச்ச பிளாஸ்டிக் கருவியில மூச்சை இழுத்துப் பழகினார்.

"அசையாம படுங்க"ன்னு நாங்க அன்பா சொன்னதுதான் தப்பு. டிஸ்சார்ஜ் அன்னைக்கு மாத்திரைச் சீட்டோட மூச்சுப் பயிற்சியையும் கேட்டு வாங்கணும். 2021-ல வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பிசியோதெரபியும் வீட்டுக்கே வருது. வெட்கப்படாம கேளுங்க. டவுன்ல இருக்கிற நீங்க, ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்களுக்கும் சொல்லுங்க.

தை அறுப்புக்கு மச்சான் வரப்புல நடந்து வந்தார். நடுவுல ரெண்டு தடவை நின்னார். இப்ப கட்டில்ல, கொசுவலைக்குள்ளதான் தூக்கம்.