கொரியாக்காரன் பண்ணா நடிப்பு, மதுரைக்காரன் பண்ணா காமெடியா?

போன வாரம் ஹாஸ்டல்ல நாலு பேர் ஒரே லேப்டாப்பைச் சுத்தி உட்கார்ந்து 'மாஸ்கரேட்' (2012) பார்த்தோம். கொரிய சரித்திரப் படம். லீ பியுங் ஹுன்னுக்கு ரெண்டு வேஷம். எப்ப விஷம் வைப்பாங்களோன்னு யாரையும் நம்பாத ராஜா குவாங்ஹே ஒண்ணு, அதே முகஜாடையில இருக்கிற கூத்தாடி இன்னொண்ணு. ராஜா நினைவில்லாம விழ, 15 நாள் கூத்தாடி அரியணையில உட்காருறான். தான் மிச்சம் வைக்கிறதுதான் சமையல்கட்டுப் பெண்களுக்குச் சோறுன்னு தெரிஞ்சதும், கஞ்சியை மட்டும் குடிச்சிட்டு மத்ததை அப்படியே திருப்பி அனுப்புவான் பாருங்க, எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. கொரியாவோட கிராண்ட் பெல் விழாவுல 15 விருது, அதுல சிறந்த நடிகரும் ஒண்ணு. தாராளமா கொடுக்கலாம்.

படம் முடிஞ்சதும் ஒருத்தன் ஆரம்பிச்சான்: "ரெண்டு வேஷத்துக்கும் கண்ணே வேற வேற மாதிரி இருக்குடா மாப்ள. நம்மாளுக எவனாச்சும் இப்படிப் பண்ணியிருக்கானா?" கேட்டவன் பொறந்து வளர்ந்தது எல்லாம் மதுரை. அதான் எனக்கு எரிச்சல்.

இதே ஊர்ல பொறந்த வடிவேலு, 'மாஸ்கரேட்' வர்றதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே, 2006ல, 'இம்சை அரசன் 23ம் புலிகேசி' பண்ணிட்டார். சிம்புதேவனோட முதல் படம். அதுலயும் ஒரே முகத்துல ரெண்டு பேர், அதுலயும் ராஜா இடத்துல இன்னொருத்தன் உட்காருறான். புலிகேசிக்குத் தலை ஒரு பக்கம் போனா நடை வேற பக்கம் போகும். பயில்வான் உடம்புல தன் தலையை வச்சு ஓவியம் வரையச் சொல்றப்ப அந்த முகத்துல இருக்கிற பெருமையைப் பாருங்க, துளி கிண்டல் கிடையாது. அந்த முட்டாள் தன்னை முழுசா நம்புறான். உக்கிரபுத்திரனா வரும்போது ஒரு இடத்துலகூட நம்மகிட்ட சிரிப்பைக் கேட்கவே மாட்டார். அந்தப் பாத்திரத்துக்கு எழுத்து கொஞ்சம் வறட்சி, ரெண்டாம் பாதியில பிரசங்கம் ஜாஸ்தி, ஒத்துக்கிறேன். அதைத் தாங்கிப் பிடிச்சது நடிகர். சகுனி மாமாவா வர்ற நாசர் மட்டும் சீரியஸாவே நிக்கலைன்னா பாதி சிரிப்பு வந்திருக்காது, அது தனிக் கதை.

இதுக்கு நம்ம அரசாங்கம் கொடுத்தது என்ன? சிறந்த நகைச்சுவை நடிகர் விருது! லீ பியுங் ஹுன் அரண்மனைப் பெண்கள் சுத்தி நிக்க, மலச்சட்டியில உட்கார்ந்து முழிக்கிற சீன்லயும்தான் எல்லாரும் உருண்டு சிரிச்சோம். அவரை யாரும் காமெடியன்னு ஓரங்கட்டலையே?

"புலிகேசி கற்பனை ராஜாடா"ன்னான். சரி, குவாங்ஹே நிஜ ராஜா. அந்தக் கூத்தாடி?

2023ல 'மாமன்னன்' வந்தப்ப, "அட, இவருக்கு நடிக்க வருமா"ன்னு ஊரே ஆச்சரியப்பட்டுச்சு. 17 வருஷம் லேட்டு சாமி.

நேத்து ராத்திரி அவனை உட்கார வச்சுப் புலிகேசியைப் போட்டேன். காமெடி சீனா ஓட்டி ஓட்டிப் பார்க்கக் கையை நீட்டினான். மவுஸைப் பிடுங்கி என் பக்கத்துல வச்சுக்கிட்டேன்.