சில்வர்மேன் என்று அந்தப் பிள்ளையைக் கூப்பிடாதீர்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிள்ளையின் விடயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள். அவனுடைய வாப்பாவிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே எழுதுகிறோம். பெயர் போடவில்லை. ஆளைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே பெயரை எழுத வேண்டாம்.

எட்டாம் தரத்தில் நாம் படிப்பிக்கும் வகுப்பில் ஒரு மாணவன். போன வருடம் பைக் விபத்தொன்றில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தான். இந்தத் தவணையில்தான் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு பாடசாலைக்குத் திரும்பினான். முதல் வாரம் அவனுடைய புத்தகப் பையைத் தூக்குவதற்கு வகுப்பில் போட்டி நடந்தது. இரண்டாவது வாரம் பட்டப்பெயர் வந்துவிட்டது. காற்சட்டைக்குக் கீழே தெரியும் வெள்ளி நிறக் கம்பியைப் பார்த்து யாரோ ஒருவன் "சில்வர்மேன்" என்று கூப்பிட்டிருக்கிறான். அடுத்த நாள் மற்ற வகுப்புகளிலும் அதுதான் பெயர்.

மூன்றாவது வாரம் அவன் இரண்டு நாள் வரவில்லை. அவனுடைய உம்மாவுக்கு கோல் எடுத்தோம். "காய்ச்சல் சேர்" என்றார். கொஞ்ச நேரம் பேசிய பிறகு, "காய்ச்சல் இல்ல சேர். போகமாட்டன் எண்டு அழுறான்" என்றார்.

அடுத்த நாள் வகுப்பில் கேட்டோம். யார் இந்த சில்வர்மேன்? ஒரு மாணவன் எழுந்து நின்று விளக்கம் சொன்னான். "ஸ்பைடர்மேன்ல வாற கேங் லீடர் சேர். உடம்பெல்லாம் மெஷின். மெஷின் ஆனதாலதான் அவனுக்கு இரக்கமே இல்லாமப் போன."

சொன்னவன் கெட்ட பிள்ளை இல்லை. கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொன்னான். ஆனால் அந்தக் கடைசி வசனம் எம்மை விடவில்லை. உடம்பில் இரும்பு வந்தால் உள்ளே இரக்கம் போய்விடும் என்று பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை நம்புகிறான். அப்படி நம்புகிறவனுக்குப் பக்கத்துக் கதிரையில் இரும்புக் காலோடு இன்னொரு பிள்ளை உட்கார வேண்டும்.

ஆசிரிய கலாசாலையில் எமக்குப் படிப்பித்த ஒரு விரிவுரையாளர் அடிக்கடி சொல்வார்: பிள்ளை பிழையான விடை சொன்னால் திருத்துவதற்கு முன் அந்த விடை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள் என்று. அதனால் அந்தக் கதையைத் தேடிப் படித்தோம். படித்து முடித்தபோது, பிள்ளைகள் அந்த வில்லனைத் தலைகீழாக விளங்கி வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

சில்வர்மேன் அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸில் வருகிறவர். 1969ஆம் ஆண்டு, ஸ்டான் லீ எழுதிய ஸ்பைடர்மேன் கதையில் முதன்முதலாக வந்தார். சொந்தப் பெயர் சில்வியோ மன்பிரெடி. இத்தாலியின் சிசிலித் தீவில் பிறந்து, நியூயோர்க்கில் 'மேகியா' என்ற கற்பனைக் குற்றக் கும்பலின் ஒரு கிளைக்குத் தலைவரானவர். சில்வர்மேன் என்றால் வெள்ளி மனிதன் என்றுதான் எங்கள் பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள். அது பிழை. அந்தச் சொல்லின் பின்பாதிக்குப் பிடரி மயிர் என்று அர்த்தம். வெள்ளைத் தலைமுடிக்காக வந்த பெயர். அந்தப் பெயர் வந்தபோது அவருடைய உடம்பில் ஓர் ஊசியளவு இரும்பு கூட இல்லை.

அந்த முதல் கதையில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். வயது போய்விட்டது. மரணத்துக்குப் பயம். பழைய காலத்துக் களிமண் பலகை ஒன்றில் இளமையைத் திரும்பத் தரும் மருந்தின் இரகசியம் எழுதப்பட்டிருக்கிறது. அதை வாசித்துச் சொல்ல கேர்ட் கொனர்ஸ் என்ற விஞ்ஞானியைக் கடத்துகிறார். விஞ்ஞானி மறுத்துவிடக் கூடாது என்பதற்காக அவருடைய மனைவியையும் சின்ன மகனையும் பிடித்து வைக்கிறார். ஒரு தகப்பனிடம் வேலை வாங்க அவனுடைய பிள்ளையைப் பணயம் வைப்பதை விட இரக்கமற்ற செயல் என்ன இருக்கிறது? அதைச் செய்தபோது அவருக்கு இருந்தது எம்மைப் போல இரத்தமும் சதையுமான கை, எம்மைப் போல துடிக்கிற இதயம்.

மருந்தைக் குடிக்கிறார். வயது குறைகிறது. திடகாத்திரமான வாலிபன் ஆகிறார். ஆனால் வயது அதோடு நிற்கவில்லை. வாலிபன் சிறுவனாகி, சிறுவன் குழந்தையாகி, கடைசியில் ஒன்றுமில்லாமல் போகிறார். அதற்கு முன்பே அவருடைய சட்டத்தரணி அந்த நாற்காலியில் தான் உட்காருவதற்குத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். தொண்ணூறுகளில் வந்த ஸ்பைடர்மேன் கார்ட்டூனிலும் இதே கதைதான் கொஞ்சம் மாற்றத்தோடு வருகிறது. அதில் அவர் குழந்தையாகி விடுவார்.

காமிக்ஸில் வில்லன்கள் இலேசில் முடிவதில்லை. பிறகு வந்த கதைகளில் அவர் மீண்டும் உயிரோடு வருகிறார். பழைய தொழிலுக்கே திரும்புகிறார். 1982இல் 'குளோக்', 'டகர்' என்று இரண்டு புதிய பாத்திரங்கள் ஸ்பைடர்மேன் கதைக்குள் வந்தார்கள். வீட்டை விட்டு ஓடி நியூயோர்க்குக்கு வந்த இரண்டு பதின்வயதுப் பிள்ளைகள். மேகியாவுக்காகப் புதிய போதைப்பொருள் தயாரித்தவர்கள், தேடி வர ஆளில்லாத பிள்ளைகளைப் பிடித்து அவர்களுடைய உடம்பில் ஏற்றிப் பரிசோதித்தார்கள். இந்த இரண்டு பேரும் அதில் தப்பியவர்கள். போதை எமது ஊர்களுக்குள்ளும் நுழைந்திருக்கிற இந்தக் காலத்தில் அந்தக் கதையை வாசிப்பது இலேசான வேலையாக இருக்கவில்லை. இதெல்லாம் நடக்கும்போதும் சில்வர்மேன் இன்னும் மனிதன்தான்.

1980களின் நடுப்பகுதியில்தான், உடம்பு முழுதாகக் கெட்டுப்போன கிழவனின் தலையையும் முக்கிய உறுப்புகளையும் எடுத்து ஓர் இயந்திர உடம்பில் பொருத்துகிறார்கள். பிள்ளைகள் துண்டு வீடியோக்களில் பார்ப்பது இந்த இடத்தைத்தான். சுவரை உடைக்கிறார், ஆட்களைத் தூக்கி எறிகிறார். முப்பது செக்கனில் வீடியோ முடிந்துவிடும். பின்னணியில் பாட்டும் இருக்கும். அதற்கு முன்னால் இருந்த பதினைந்து வருடக் கதை அந்த முப்பது செக்கனுக்குள் இல்லை. அதனால்தான் மெஷின் வந்ததால் இரக்கம் போனது என்று பிள்ளை கணக்குப் போடுகிறான். உண்மையில் இரக்கம் போய் வெகு காலத்துக்குப் பிறகுதான் மெஷின் வந்தது.

எமக்குப் பட்டது இதுதான். அந்த மனிதனுக்குப் புதிதாக வாழ மூன்று தடவை வாய்ப்புக் கிடைத்தது. ஒரு தடவை இளமை, ஒரு தடவை உயிர், ஒரு தடவை புது உடம்பு. மூன்று தடவையும் பழைய நாற்காலியைத்தான் தேடிப் போனார். இயந்திரம் அவரை மாற்றவில்லை. இருந்தவரை இருந்தபடியே நடமாட வைத்தது, அவ்வளவுதான்.

இதை எப்படிப் பிள்ளைகளுக்கு விளங்க வைப்பது? உபதேசம் செய்தால் கேட்கமாட்டார்கள். கரும்பலகையில் நான்கு பெட்டி போட்டோம். உடம்பில் மெஷின் உள்ள கெட்டவர், மெஷின் இல்லாத கெட்டவர், மெஷின் உள்ள நல்லவர், மெஷின் இல்லாத நல்லவர். நிரப்புங்கள் என்றோம்.

முதல் பெட்டியில் சில்வர்மேன் போனார். இரண்டாவதில் கிங்பின். இவர் 1967 முதல் அதே நியூயோர்க்கில், அதே ஸ்பைடர்மேன் கதைகளில் வருகிற இன்னொரு பெரிய குற்றத் தலைவர். உடம்பில் ஒரு ஆணி கூட இல்லை. கோட் சூட் போட்ட மனிதன். சில்வர்மேனுக்கு எந்த விதத்திலும் குறைந்தவர் இல்லை. மூன்றாவது பெட்டிக்கு ஒரே சத்தம், "அயன்மேன் சேர்!" நெஞ்சில் உள்ள கருவி இல்லாவிட்டால் உயிரோடு இருந்திருக்க மாட்டார். எந்தப் பிள்ளையும் அவரை வில்லன் என்று சொல்லவில்லை.

அதே பெட்டியில் நாமும் ஒருவரைச் சேர்த்தோம். டீசி காமிக்ஸில் 1980இல் வந்த விக்டர் ஸ்டோன். பெயரே 'சைபோர்க்' தான், அதாவது பாதி மனிதன், பாதி இயந்திரம். விளையாட்டு வீரனாக இருந்த வாலிபன். ஆய்வுகூட விபத்தில் தாயை இழக்கிறான். தன் உடம்பின் பெரும் பகுதியையும் இழக்கிறான். விஞ்ஞானியான தகப்பன் இரும்பால் உடம்பு செய்து காப்பாற்றுகிறார். அவனோ தகப்பனை வெறுக்கிறான், ஆட்களின் முகத்தைப் பார்க்கவே கூசுகிறான். பிறகு ஒரு ஆசிரியையின் மூலம், செயற்கைக் கை கால் பொருத்திய சிறு பிள்ளைகளைச் சந்திக்கிறான். அந்தப் பிள்ளைகளுக்கு அவனைப் பார்த்துப் பயமில்லை. எங்களில் ஒருவர் என்று சந்தோசப்படுகிறார்கள். அந்த இடத்தைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். கதை எழுதுகிறவர்களும்தானே வில்லனுக்கு இரும்புக் கை, ஒற்றைக் கண், நொண்டிக் கால் கொடுக்கிறார்கள்? உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. பீட்டர் பான் கதையின் கடற்கொள்ளைக்காரனுக்குக் கைக்குப் பதிலாகக் கொக்கி. ஸ்டார் வோர்ஸின் டார்த் வேடருக்கு மூச்சுக்கூட மெஷின் மூலம். தழும்பையும் ஊனத்தையும் காட்டினால் இவன் கெட்டவன் என்று பார்க்கிறவனுக்கு உடனே விளங்கிவிடும் என்பது கதைக்காரர்களின் பழைய சோம்பேறித்தனம். எமது தமிழ்ப் படங்களிலும் அது நிறைய இருக்கிறது.

ஆனால் முழுப் பழியையும் அமெரிக்கக் காமிக்ஸ் மீது போட்டுவிட்டு நாம் தப்ப முடியுமா? அந்தப் பிள்ளைக்கு சில்வர்மேன் என்ற சொல் வீடியோவில் இருந்து வந்தது. ஒருவருடைய உடம்பைப் பார்த்துப் பெயர் வைக்கலாம் என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது? எமது வீட்டு வாசலில் இருந்துதான். நொண்டி, செவிடன், ஒத்தக்கண்ணன், கூனன் என்று சேர்த்துத்தான் ஊரில் எத்தனை பேரை அடையாளம் சொல்கிறோம். ஒருவருடைய உண்மைப் பெயர் மௌத்து அறிவித்தலில்தான் எமக்கே தெரிய வருகிறது. இதைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை நாம் இங்கே எழுதத் தேவையில்லை. மிம்பரில் எல்லோரும் கேட்டதுதான்.

போனைப் பிடுங்குங்கள், கார்ட்டூனைத் தடை செய்யுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பிடுங்கினால் பக்கத்து வீட்டுப் போனில் பார்ப்பான். ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். பிள்ளை பார்க்கும்போது பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். "இவன் ஏன் கெட்டவன் மகன்? என்ன செஞ்சான்?" என்று கேளுங்கள். முகத்தையோ காலையோ காட்டினால் விடாதீர்கள். செய்த காரியத்தைச் சொல்ல வையுங்கள். மனிதர்களை அவர்கள் செய்வதை வைத்து அளக்கிற பழக்கம் அப்படித்தான் வரும். அது வந்தால், பெரிய பைக்கோடும் கைநிறையக் காசோடும் ஒருவன் வந்து கூப்பிடும்போது, இவன் என்ன வேலை செய்கிறான் என்ற கேள்வியும் பிள்ளைக்குத் தானாக வரும்.

அன்று பாடம் முடியும் நேரம், முதலில் விளக்கம் சொன்ன அதே மாணவன் கையை உயர்த்தினான். "எங்கட உம்மும்மாட நெஞ்சுல பேஸ்மேக்கர் இரிக்கி சேர். அவவ எந்தப் பெட்டியில போடுற?" வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, மூன்றாவது பெட்டியில் அயன்மேனுக்குக் கீழே "உம்மும்மா" என்று எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்தான். பின்னேரம் அவனும் இன்னும் இரண்டு பேரும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று நாம் கேட்கவில்லை.

அடுத்த நாள் அவன் பாடசாலைக்கு வந்தான். இடைவேளையில் எம்மிடம் வந்து, சில்வர்மேனுக்குக் கடைசியில் என்ன நடந்தது என்று கேட்டான். 2013இல் வந்த ஒரு தொடரில் அவருடைய வெறும் தலை மட்டும்தான் மிச்சம், திருடர்கள் அதைத் தேடி அலைகிறார்கள் என்று சொன்னோம். "தல மட்டுமா சேர்?" என்று கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். இந்தத் தவணையில் அவன் சிரித்ததை அன்றுதான் கண்டோம்.

அடுத்த மாதம் எமது பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி. அவன் குண்டு போடுதலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகவே கொடுத்தான். அன்று மைதானத்துக்கு வாருங்கள். ஒலிபெருக்கியில் அவனுடைய பெயர் வாசிக்கப்படும், உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கை தட்டுங்கள்.