தண்டனை மட்டும் எழுதிய பலகை

தமிழ்நாட்டில் ஒரு பழைய கோயிலையோ குகையையோ தேடிப் போகிறவரை முதலில் வரவேற்பது தொல்லியல் துறையின் நீலப் பலகை. அதில் என்ன இருக்கும் என்பது நமக்கெல்லாம் மனப்பாடம். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இது பாதுகாக்கப்பட்ட சின்னம். சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். சுற்றி 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்ட அனுமதி வாங்க வேண்டும். சரிங்க, இது என்ன இடம்? யார் செய்தது? எதுக்காக? பல இடங்களில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. இடிக்க வருகிறவனுக்குச் சொல்ல வேண்டியதை விலாவாரியாகச் சொல்லிவிட்டு, பார்க்க வந்தவனை வாசலிலேயே நிறுத்திவிடுகிற பலகை அது.

வழியில் போகிறவனோடு பேசத் தெரியாத சமூகமா நாம்? தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லைப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தூரக் கல். நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று அதில் எழுத்தில் வெட்டியிருக்கிறது. வெட்டியவர்கள் அதோடு விடவில்லை. படிக்கத் தெரியாத வண்டிக்காரன் என்ன செய்வான்? அவனுக்காக 2 பெரிய குழி, 9 சின்னக் குழி. பெரியது பத்து, சின்னது ஒன்று. இருட்டில் வந்தால்கூட விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். எழுத்தறியாதவனையும் வாசகனாக மதித்தது அந்தக் கல். எல்லோரும் படித்துவிட்ட காலத்தில் நாம் வைக்கிற பலகை யாரையும் மதிக்கவில்லை.

நடுகல்லுக்கு வருவோம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு கல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்டது. எருமைகளைக் காக்கப் போராடிச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கான கல். அவன் பக்கத்தில் ஒரு நாய். சும்மா அழகுக்குச் செதுக்கியதில்லை. கோவிவன் என்ற அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று பெயரோடு எழுதிவைத்திருக்கிறார்கள். 1,400 வருஷத்துக்கு முன்னால் ஒரு ஊர் தன் நாய்க்குச் செய்த மரியாதை இது.

சுமைதாங்கிக் கல்லும் அப்படித்தான். நட்டுவைத்த இரண்டு கல், மேலே படுக்கையாக ஒன்று. தலைச்சுமையோடு வருகிறவர் யார் துணையும் இல்லாமல் பாரத்தை இறக்கி வைக்கத் தோதான உயரம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். அவள் இறக்கி வைக்காமல் போன சுமையை வழிப்போக்கர்களாவது இறக்கி வைக்கட்டும் என்று நினைத்தவர்கள் எந்த அரசாணைக்காகவும் காத்திருக்கவில்லை.

சாலையை அகலப்படுத்தும்போது முதலில் பெயர்வது இந்தக் கற்கள்தான். வெட்டுகிற புளியமரத்துக்காவது எண் போட்டுக் கணக்கு எழுதுகிறார்கள். கல்லுக்கு அதுவும் இல்லை. எந்தப் பட்டியலிலும் ஏறாத கல், ஜேசிபிக்கு வெறும் ஜல்லி.

“பெரிய கோயில்களே இடிந்து கிடக்கு, ரோட்டோரக் கல்லுக்கா இவ்வளவு சத்தம்?” என்று கேட்பவர்கள் உண்டு. ராஜராஜனுக்கு ஒரு கல்வெட்டு போனாலும் நூறு கல்வெட்டு மிஞ்சும். கோவிவனுக்கு இருப்பது ஒரே ஒரு கல். பிரசவத்துக்கு முன்பே போய்ச்சேர்ந்த அந்தப் பெண்ணுக்கு அதுதான் மொத்த வரலாறும்.

“மியூசியத்தில் வைத்துவிடலாமே” என்பது அடுத்த யோசனை. தொலைந்துபோவதற்கு அது எவ்வளவோ மேல்தான். ஆனால் தூரக் கல்லை இடம் மாற்றிய அன்றே அது சொல்லும் தூரம் பொய்யாகிவிடுகிறது. சுமைதாங்கியை ஏசி அறையில் வைத்து யார் எந்தச் சுமையை இறக்குவது? எடுத்தே ஆக வேண்டுமென்றால், எடுத்த இடத்தில் அதே மாதிரி ஒரு கல்லாவது நிற்க வேண்டும்.

இன்னொரு பக்கம், மக்கள் எண்ணெய் ஊற்றியே எழுத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று அலுத்துக்கொள்ளும் படித்தவர்கள். வேடியப்பன் என்று கும்பிட்டதால்தான் வடமாவட்டங்களில் எத்தனையோ நடுகற்கள் இன்னும் நிற்கின்றன. சாமியை யாரும் பெயர்த்துப் படிக்கல்லாகப் போடமாட்டார்கள். இப்போது எனாமல் பெயின்ட் அடிக்கிறார்களே, அது வேறு விஷயம். அடிக்காதீர்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் கேட்பார்கள். சிறைத் தண்டனைப் பலகை அந்தப் பேச்சைப் பேசாது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சாலைக்கு அளவெடுக்க வருகிறவர்கள் மரத்தோடு சேர்த்துக் கல்லையும் எண்ண வேண்டும். ஊரில் எங்கெங்கே என்னென்ன கல் இருக்கிறது என்று கிராம சபையில் ஒரு தீர்மானமாக எழுதிவைக்க வேண்டும். பலகையில் தமிழில் மூன்று வரி: யார், எப்போது, எதனால். தண்டனையைக் கீழே சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேலே முதலில் செத்தவர் பெயர் இருக்கட்டும். நாயாக இருந்தாலும்.