வகுப்பறையில் நிற்பவர் யார்?

தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தொடுத்த வழக்கை உயர்நீதிமன்றம் 2021 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நல்லது. பள்ளிக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவது சட்டப் புத்தகம் அல்ல, ஆசிரியர். அவரைப் பற்றி நாம் எத்தனை முறை பேசியிருக்கிறோம்?

வெள்ளைக்காரன் காலத்தில் 1912-லும் 1923-லும் வந்த தொழிலாளர் சட்டங்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றன. முதலாளி என்ன செய்தான்? ஆயாக் கொட்டகை பக்கம் ஒரு கொட்டகை போட்டான். எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியையோ கிராணியையோ வாத்தியாராக நிறுத்தினான். பயிற்சியும் இல்லை, சரியான சம்பளமும் இல்லை. பால்மரக் காட்டுக்கு அடுத்த கூலியைத் தயார் செய்வதற்கு அது போதும் என்பதே அவன் கணக்கு.

அந்தக் கணக்கைப் பொய்யாக்கியவர்கள் லயத்திலேயே பிறந்து, படித்து, பயிற்சி பெற்றுத் திரும்பி வந்த ஆசிரியர்கள். அவர்களில் பலர் தோட்டத்து மக்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள், பிறப்புப் பத்திரத்துக்கும் அடையாளக் கார்டுக்கும் பாரம் நிரப்பினார்கள். (பிரம்பையும் தாராளமாக வீசினார்கள், அதையும் சொல்ல வேண்டும். அதைப் பெருமையாகப் பேசுவதை நிறுத்துவோம்.)

இன்று நிலைமை வேறு. ஆசிரியர் கல்விக் கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் வருகிறார்கள். பலர் பட்டணத்தில் வளர்ந்தவர்கள். பிள்ளையோ அடுக்குமாடி வீட்டில் இருக்கிறது. அப்பா லோரி ஓட்டுகிறார், அம்மாவுக்கு இரவு ஷிப்ட். வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைப் பார்த்ததும் "சோம்பேறி" என்பவர் ஒருவர். "வீட்டில் யார் இருந்தா? சாப்பிட்டியா?" என்று கேட்பவர் இன்னொருவர். இருவரிடமும் ஒரே பட்டம்தான்.

மொழியிலும் அப்படியே. "பசாருக்கு மோட்டோவுல போனோம்" என்று பிள்ளை சொன்னால், அது தமிழே இல்லை என்று அதட்டினால் அதன் பிறகு அந்தப் பிள்ளை வாய் திறக்காது. அதே வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் சந்தை, மோட்டார் சைக்கிள் என்று எழுதிக் காட்டுகிறவர் பிள்ளையின் சொல்லையும் பறிக்கவில்லை, பாடநூல் சொல்லையும் கொடுத்துவிட்டார். முப்பது மாணவர்கூட இல்லாத சிறிய பள்ளிகளில் இது இன்னும் கடினம். இரண்டு ஆண்டு மாணவர்களை ஓர் அறையில் உட்கார வைத்து, ஒரு பக்கம் கணக்குக் கொடுத்துவிட்டு மறுபக்கம் வாசிப்பு நடத்த வேண்டும். அப்படி நடத்தும் ஆசிரியருக்கு நம் சமுதாயம் இன்னும் உரிய மரியாதை தரவில்லை.

பெற்றோர்களே, யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ஒழிக்கப்பட்டது. ஏழு 'ஏ' எடுத்தவர் படத்தைப் பத்திரிகையில் போட்டுப் பள்ளியை எடைபோட்ட காலம் போயிற்று. பிள்ளை ஒவ்வொரு பாடத்திலும் 1 முதல் 6 வரை எந்த அடைவு நிலையில் இருக்கிறது என்று ஆசிரியரே மதிப்பிடுகிறார். அந்த எண் எப்படி வந்தது, 2-இல் இருக்கும் பிள்ளைக்கு அடுத்த மாதம் என்ன செய்யப் போகிறார் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. சண்டை போடப் போகாதீர்கள். பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வேலை நாள் காலையில் கூட்டம் வைத்தால் வர முடியாது, மாலையில் வையுங்கள் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு இந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.